தூரம் அளக்கும் பைனாகுலரும் என் கணவரும்

என் கணவர் எனக்கு வாங்கித் தந்த பொருட்களில், நான் கேட்காததும் அவருக்கே பிடிக்காத ஒரு காரியத்துக்கு உதவுவதும் ஒன்றுதான். அது ஒரு பைனாகுலர். பார்வைக்குச் சாதாரணமாகத்தான் இருக்கும். மேலே உள்ள பொத்தானை அழுத்தினால், எதிரில் நிற்கும் பொருள் எத்தனை மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று உள்ளே சிவப்பு எழுத்தில் காட்டும். கைப்பேசியோடு இணைத்துவிட்டால், அந்தப் பொருள் நிற்கும் இடத்தையும் நாம் நிற்கும் இடத்தையும் வரைபடத்தில் புள்ளிகளாக வைத்துவிடும்; வீட்டில் இருப்பவரும் அதைத் தன் கைப்பேசியில் பார்க்கலாம். வேட்டைக்காரர்களுக்கென்றே செய்தது.

நான் மான் சுடுகிறவள். நாங்கள் இருக்கும் லண்டன் கிங்ஸ்பரியில் இதைச் சொன்னால் பலர் சிரிப்பார்கள். பிறகு நான் சிரிக்காததைப் பார்த்துப் பேச்சை மாற்றுவார்கள். ஒரு ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. அங்கே என்னோடு வேலை செய்யும் ஆங்கிலேயப் பெண்ணின் தகப்பனுக்கு ஹார்ட்ஃபர்ட்ஷையரில் பண்ணை இருக்கிறது. இந்த நாட்டில் மானைத் தின்ன ஓநாயோ சிறுத்தையோ இல்லை. மான்கள் பெருகிக் கோதுமைக் குருத்தையும் காட்டின் இளங்கன்றுகளையும் மேய்ந்துவிடும். அதனால் பருவத்தில் சுட்டுக் குறைக்கிறார்கள். முதலில் அவளோடு வேடிக்கை பார்க்கத்தான் போனேன். காலைப் பனியில் அசையாமல் இருந்து பார்ப்பது எனக்குப் பிடித்துப்போயிற்று. பிறகு பயிற்சி வகுப்புக்குப் போனேன். அதன் பிறகு துப்பாக்கி அனுமதிக்கு விண்ணப்பிப்பதாக வீட்டில் சொன்னேன்.

என் கணவர் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இப்ப நீர் துவக்கை வீட்டுக்குள்ள கொண்டு வரப் போறீரோ?"

"இரும்புப் பெட்டியில பூட்டித்தான் வைக்கப்போறன்."

"பூட்டினாப்போல அது துவக்கு இல்லையெண்டு ஆகிடுமோ?"

யாழ்ப்பாணத்தில் துப்பாக்கி யாரிடம் இருந்தாலும் அது எங்களைப் பார்த்துத்தான் நீண்டிருந்தது. அது இருவருக்கும் தெரியும். அவர் தடுக்கவும் இல்லை, சம்மதிக்கவும் இல்லை. வீட்டைப் பார்க்க வந்த பொலிஸ் அதிகாரி பெட்டியின் பூட்டைச் சோதித்துவிட்டு, வீட்டில் துப்பாக்கி இருப்பதில் ஆட்சேபம் உண்டா என்று அவரைக் கேட்டார்.

"என் மனைவியில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. துப்பாக்கியில்தான் இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"அப்படித்தான் இருக்கவேண்டும்" என்று சொல்லிவிட்டு அந்த அதிகாரி எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு வேறொரு கவலை பிடித்தது. பாதாள ரயிலில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். எந்த ரயில் எங்கே நிற்கிறது என்று திரையில் தெரியாவிட்டால் இருப்புக் கொள்ளாது. நான் பண்ணையிலிருந்து திரும்பியதும் கேட்பார்: "எங்க நிண்டனீர்?" மேற்குப் பக்க வயலோரம், ஒரு ஓக் மரத்தடியில் என்பேன். "எந்த மரம்?" என்பார். மரத்துக்கு நான் எங்கே அடையாளம் சொல்வது? பல வாரம் இணையத்தில் துருவித் துருவி வாசித்த பிறகு, ஒருநாள் இந்தப் பைனாகுலரைக் கொண்டுவந்து என் முன்னே வைத்தார்.

"உமக்கு மான் எங்க நிக்குதெண்டு தெரியும். எனக்கு நீர் எங்க நிக்கிறீரெண்டு தெரியும்."

முதல் சோதனை எங்கள் பின் அறை ஜன்னலில் நடந்தது. அடுத்த தெரு வீட்டுப் புகைபோக்கியைக் குறிவைத்து அவர் அழுத்த, புள்ளி சரியாக அந்தக் கூரையில் விழுந்தது. புதுக் கார் எடுத்தவரைப் போல அன்று முழுக்க நடமாடினார்.

பண்ணையில் அது அவ்வளவு நன்றாக நடக்கவில்லை. அங்கே மான் பார்க்க இரும்பு ஏணியில் பொருத்திய உயர்ந்த இருக்கை ஒன்று உண்டு. அதில் இருந்துகொண்டு வேலியோரம் நின்ற மானை அளந்தேன். தூரம் சரி. புள்ளியோ பண்ணைக் குளத்தின் நடுவில் கிடந்தது. தோழி அதைப் பார்த்துவிட்டு, "குளிக்கப் போயிருக்கும்" என்றாள். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் கணவர் சிரிக்கவில்லை.

"இரும்புக்குக் கிட்ட வைச்சா உள்ளுக்கு இருக்கிற திசைகாட்டி குழம்பும். கீழ இறங்கி நிண்டு, கையில வைச்சு எட்டு எழுதுற மாதிரிச் சுத்தோணும். புத்தகத்தில கிடக்கு. வாசிக்கேல்லையோ?"

வாசிக்கவில்லை. வாசித்த பிறகும் அந்த முதல் குளிர்காலத்தில் எனக்கு அது வேண்டாத சுமையாகவே இருந்தது. பழைய பைனாகுலரைவிடக் கனம். குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கிவிடும். மங்கல் வெளிச்சத்தில் கைப்பேசியைத் திறந்தால் என் முகம் விளக்குப் போலத் தெரியும். மான் அதைக் கண்டுவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பண்ணையின் ஒவ்வொரு வேலியும் எனக்குப் பழக்கம். கிட்ட வராத மானை நான் சுடுவதும் இல்லை. தெரிந்த தூரத்தை அளந்து என்ன செய்வது?

ஒரே ஒரு தடவை உதவியது. பெரிய கோதுமை வயலின் மறுகரையில் நின்ற மானைச் சுட்டேன். அது பாய்ந்து மறைந்துவிட்டது. நடந்துபோய்ப் பார்த்தால் வயல் முழுக்க ஒரே பச்சை. மான் எங்கே நின்றது என்று சொல்ல ஒரு கல்கூட இல்லை. தோழி ஒரு பக்கம் காட்டினாள், நான் இன்னொரு பக்கம் காட்டினேன். சுடுமுன் அளந்தபோது விழுந்திருந்த புள்ளியைப் பார்த்துப் போனால் மயிரும் இரத்தமும் கிடந்தன. அங்கிருந்து தொடர்ந்தோம். மான் வேலிக்குள்ளேயே விழுந்திருந்தது. நான் பைனாகுலரைத் தட்டிக்கொடுத்தேன்.

"என் நாயைக் கூட்டி வந்திருந்தால் இதைவிடக் கெதியாகக் கண்டுபிடித்திருக்கும்" என்றாள் தோழி. அதுவும் உண்மைதான்.

அடுத்த குளிர்காலத்தில், சில்டேர்ன் குன்றுப் பக்கம் நிலம் வைத்திருந்த தன் உறவினர் ஒருவருக்கு உதவ முடியுமா என்று அவள் கேட்டாள். இருவரும் போவதாகப் பேச்சு. போகவேண்டிய நேரத்தில் அவளுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. தனியாகப் போகிறேன் என்று நான் சொன்னதும் என் கணவர் மேல்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"நானும் வாறன். காருக்குள்ள இருக்கிறன்."

காருக்குள் அவர் இருக்கவில்லை. கதவை மெல்லச் சாத்திவிட்டு, கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் வந்தார். அந்த நிலம் எனக்குப் புதிது. ஹார்ட்ஃபர்ட்ஷையர் வயல்போல மட்டமாக இல்லாமல் ஏறி இறங்கிக் கிடந்தது. பின்னேர வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஒரு வேலி மூலையில் இருவரும் குந்தியிருந்தோம்.

எதிர்ச் சரிவில் நான்கைந்து மான்கள் வெளியே வந்தன. ஒன்று தனியாக, பக்கவாட்டில் நின்றது. அதன் பின்னால் கறுப்பாக மண்மேடு போல ஒன்று தெரிந்தது. மண் பின்னால் இருந்தால்தான் சுடலாம். தவறிய குண்டை அது தாங்கிக்கொள்ளும். மானை அளந்தேன், வழக்கமாக நான் சுடும் தூரம்தான். பைனாகுலரை அவரிடம் கொடுத்துவிட்டுத் துப்பாக்கியைத் தாங்குகோலில் வைத்தேன்.

அவர் தன் பாட்டில் அந்த மண்மேட்டையும் அளந்திருக்கிறார். என் தோளை மெல்லத் தொட்டார்.

"பொறும். சுடாதையும்."

"ஏன்?"

"பின்னால இருக்கிறது மேடில்லை. மானைவிட மூண்டு மடங்கு தூரம் காட்டுது. அது அங்கால இருக்கிற காடு. இடையில பள்ளம்." கைப்பேசியைக் கோட்டுக்குள் மறைத்தபடி காட்டினார். "இஞ்ச பாரும். உம்மட மான் நிக்கிற புள்ளிக்குப் பின்னால நடைபாதை ஒண்டு போகுது."

வரைபடத்தில் மான் நின்ற புள்ளியை ஒட்டிப் பின்னால் ஒரு புள்ளிக்கோடு வளைந்து ஓடியது. பொதுமக்கள் நடக்கும் பாதை. நான் துப்பாக்கியை இறக்கிக் குண்டை வெளியே எடுத்தேன். மான்கள் இன்னும் மேய்ந்துகொண்டுதான் நின்றன. சற்று நேரத்தில் எல்லாம் ஒன்றாகத் தலையை உயர்த்தி, பிறகு சிதறி ஓடின. அவை நின்ற இடத்துக்குப் பின்னாலிருந்து முதலில் ஒரு நாய் மேலே ஏறி வந்தது. அதன்பின் சிவப்புக் கம்பளித் தொப்பி ஒன்று, பிறகு அந்தத் தொப்பியைப் போட்டிருந்த பெண், பிறகு அவள் கையைப் பிடித்த ஒரு சின்னப் பிள்ளை.

அவர்கள் எங்களைக் காணவில்லை. நாயைக் கூப்பிட்டபடி பாதையோடு போய்விட்டார்கள். நான் துப்பாக்கியை உறையில் போட்டு மூடினேன். என் கணவர் ஈரப் புல்லில் அப்படியே இருந்துவிட்டார்.

"போவமே?" என்றார்.

"ஓம்."

திரும்பும் வழியில் வெம்பிளிப் பக்கம் கார் நெரிசலில் நிற்கும்போது நான்தான் பேச்சைத் தொடங்கினேன்.

"இனி நான் போக வேண்டாமெண்டு சொல்லப் போறியளோ?"

"இல்லை. ஆனா தெரியாத இடத்துக்குத் தனியப் போகாதையும்."

மறுநாள் தோழிக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் தேற்றவில்லை.

"கருவி காப்பாற்றியது என்று சொல்லாதே. புது நிலத்தைத் துப்பாக்கி இல்லாமல், பட்டப்பகலில் ஒருமுறை நடந்து பார்க்கவேண்டும். நடந்திருந்தால் அந்தப் பாதை உன் காலுக்குத் தெரிந்திருக்கும். என் உறவினர் சொல்லியிருக்கவேண்டும், நானும் சொல்லியிருக்கவேண்டும்."

அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் அந்தப் பின்னேரம் யாரும் சொல்லியிருக்கவில்லை, நானும் நடந்திருக்கவில்லை, என் கண்ணும் ஏமாந்தது. என்னைத் தடுத்தது அந்த எண்ணும் புள்ளியும், அவற்றைப் பார்க்கப் பொறுமை இருந்த என் கணவரும்தான்.

பயிற்சி வகுப்பில் அறிமுகமான புதியவர்கள் சிலர் என்னிடம் இன்னும் கேட்பதுண்டு, இதற்குச் செலவழிக்கலாமா என்று. பழகின ஒரே நிலத்தில் கிட்ட நின்று சுடுகிறவருக்குத் தேவையில்லை, நல்ல சாதாரணப் பைனாகுலரும் பழகிய நாயும் போதும் என்று சொல்வேன். ஊர் ஊராகப் போய்ச் சுடுகிறவருக்கு, பெரிய வயலில் தனியாக மானைத் தேடுகிறவருக்குப் பிரயோசனம் உண்டு. தூரத்து மானைச் சுடத் துணிச்சல் வரும் என்று வாங்குவதானால் வாங்கவே வேண்டாம். சுடாமல் விடுவதற்குத்தான் அது எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

சில்டேர்ன் நிலத்துக்கு இருவரும் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மறுபடி போனோம், துப்பாக்கி இல்லாமல். அவர் எல்லாப் பாதைகளையும் நடந்தார். சேறு முழங்கால் வரை அடித்திருந்தது. ஒரு மேட்டின் முன்னால் நின்று, அதைக் காலால் உதைத்துப் பார்த்தார்.

"இது மண்தான்" என்றார். "இதுக்கு முன்னால ஏதும் நிண்டா நீர் சுடலாம்."

மாதக் கடைசியில் அந்த மேட்டின் முன்னால் ஒரு மான் வந்து நின்றது. அவர் தூரத்தைச் சொன்னார், நான் சுட்டேன். விழுந்த இடத்திலேயே கிடந்தது. அதன் கிட்டே போக அவருக்கு மனம் வரவில்லை. வேலியோரம் திரும்பி நின்றுகொண்டார். நான் குடலை எடுக்கும் வேலையை முடித்து, மானைச் சரிவில் இழுக்க முடியாமல் மூச்சு வாங்கியபோதுதான் வந்து கயிற்றின் மறுநுனியைப் பிடித்தார்.