என் இதயம் ஓய்ந்திருந்தபோது

அன்று தேயிலை மலையில் என் பக்கத்து நிரையில் செல்வி அக்கா காய்ச்சலோடு கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். எடை குறைந்தால் அரைநாள் வேலையாகத்தான் எழுதுவார்கள். "என் கூடையில ரெண்டு பிடி போடு புள்ள," என்றார். காதில் விழாததுபோல் நகர்ந்துவிட்டேன்.

அடுத்த வருடம் என் இதய வால்வு பழுதானது. கண்டியில் ஆபரேஷனுக்கு முன்னால், இதயத்துக்குப் பதிலாக ஓடும் மெஷினை இயக்கும் சிங்களப் பெண் என் கையைப் பிடித்துத் தமிழில் சொன்னார்: "வால்வ மாத்துற வரைக்கும் ஒங்க இதயத்த நிப்பாட்டி வைப்போம். ரத்தம் இந்த மெஷினுக்கு வந்து, ஒட்சிசன் எடுத்துக்கிட்டு ஒடம்புக்குப் போகும். பொறகு வேலைய இதயத்துக்கிட்டயே குடுத்துருவோம்."

மயக்கத்தில் பனி மூடிய மலையைக் கண்டேன். நான் செடியடியில் உட்கார்ந்திருக்க, என் நிரையில் யாரோ பறித்துக்கொண்டே போனார்கள். முகம் தெரியவில்லை. என் கூடை மட்டும் நிறைந்துகொண்டிருந்தது.

பல மாதம் கழித்து மலையேறிய முதல் நாள், என் கை ஓடவில்லை. செல்வி அக்கா வந்து என் கூடையில் கொழுந்தை அள்ளிப் போட்டார்.

"அன்னைக்கு நான் ஒங்களுக்குக் குடுக்கலயேக்கா."

"அதுக்கென்னா இப்ப," என்று அடுத்த செடிக்குப் போய்விட்டார்.

நெஞ்சுத் தழும்பின்மேல் கை வைத்தேன். எனக்காக ஓடிய அந்த மெஷினும், நீ யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்கவில்லை.