மரத்தின்மேல் நின்ற மாப்பிள்ளை

“...எண்ணெய்க் காலோட ஏறி நிக்கதுக்கு அது என்ன அருவிக்கரைப் பாறையா மாப்ள, மரம்லா. நீங்க விழுந்து எந்திரிக்கதுக்குள்ள எங்க நாத்து பழுத்துரும் போலிருக்கே” என்றாள், நடுகைக்கு வந்த பெண்களுக்குத் தலைவியாக வரப்பில் நின்றவள். நான் அப்போது இலஞ்சியில் என் மாமனார் வயலில், இடுப்பு வரை தொளியில் உட்கார்ந்து, என்னை விட்டுவிட்டுப் போன மாடுகளின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொளி என்றால் உழுது கலக்கிய சேறு. மரம் என்று அவள் சொன்னது, அந்தச் சேற்றைச் சமப்படுத்த மாடு கட்டி இழுக்கும் நீளப் பலகை. அதன்மேல் ஓர் ஆள் நின்றபடியே வயல் முழுக்கப் போய்வர வேண்டும். பார்க்கிறவனுக்குச் சுலபம்.

நான் சுரண்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்தவன். பாயில் உட்கார்ந்து சேலை விரித்துக் காட்டிப் பிழைத்தவன். ஐம்பதுகளின் கடைசி அது. கல்யாணமான பிறகு வந்த முதல் சீசன். குற்றாலத்தை ஒட்டி மாமனார் வீடு வாய்த்தவன் சாரல் விழுந்ததும் கடையைப் பூட்டிக்கொண்டு வந்துவிடுவான், நானும் வந்துவிட்டேன். அன்று காலையில் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, ஐந்தருவிக்குப் போகிற வழியில் சும்மா வயலை எட்டிப் பார்த்தேன். மனைவியின் அண்ணன் வரப்பில் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மரத்திலிருந்து இறங்கும்போது பிசகிவிட்டதாம்.

வயல் பாதிதான் சமமாகியிருந்தது. மீதியில் நடுவே ஒரு மேடு எருமை முதுகு மாதிரி தண்ணீருக்கு மேலே தெரிந்தது. பிடுங்கிய நாற்று முடி முடியாகக் கட்டி வரப்பில் கிடந்தது. நடுகைக்காரிகளோ அடுத்த வயலுக்கும் வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். இன்றைக்கு விட்டால் அவர்கள் திரும்பி வருகிறவரை அந்த நாற்று தாங்காது.

“இந்த வெத்தலய மென்னு துப்புதவரைக்கும் பாப்போம். அதுக்குள்ள சமமாவலன்னா நாங்க அந்தால போயிருவோம்” என்று தலைவி சொல்லிவிட்டாள்.

மச்சான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வே மாப்ள, நிக்கத் தெரியும்லா உமக்கு?”

“நிக்கக்கூடவா தெரியாது?”

“அப்பம் ஏறும். மாடு பழகின மாடு. அதுக்கு எல்லாம் தெரியும்.”

மாட்டுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. நான் ஏறியதும் அது நடந்தது. மரமும் அதோடு போனது. நான் மட்டும் அங்கேயே இருந்துவிட்டேன். அப்போதுதான் அவள் அருவிக்கரைப் பாறையை இழுத்துப் பேசினாள். ஊர் மாப்பிள்ளை என்றால் ஊரில் எல்லோருக்கும் கேலி பேச உரிமை உண்டு. இலஞ்சிக்காரிகள் அதைக் கொஞ்சமும் வீணாக்குகிறவர்கள் இல்லை.

வைக்கோலை எடுத்து உள்ளங்காலை அழுத்தித் தேய்த்துக்கொண்டு மறுபடியும் ஏறினேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, “போங்க, போங்க” என்றேன். கடைக்காரன் வாய், வேறு எப்படி வரும்? மாடுகள் அசையவில்லை.

“ஏட்டி, மாப்ள மாட்டுக்குச் சேலை காட்டுதாரு” என்றாள் ஒருத்தி.

“கரை பிடிக்கலயோ என்னமோ, அதான் யோசிக்கி” என்றாள் இன்னொருத்தி.

மச்சான் நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தார். மாடுகள் பாய்ந்தன. இந்தத் தடவை நான் முன்பக்கமாகப் போனேன். வாய்க்குள் போன தொளியைத் துப்பிவிட்டு எழுந்தபோது மச்சான், “பட்டாளத்துக்காரன் மாதிரி வெறைக்காதீரும் வே, முழங்கால மடக்கும்” என்று கத்தினார்.

தலைவி வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டாள். “மாப்ள, புது மாமனார் வீட்டு நாற்காலியில எப்படி உக்காருவீங்க? உக்காந்தும் உக்காராமயும்லா? அப்படி நில்லுங்க.”

மச்சான் சொன்னது காதோடு போயிற்று. இவள் சொன்னது முழங்காலுக்கே போய்ச் சேர்ந்தது. மாமனார் வீட்டு நாற்காலியில் நான் வந்த நாள் முதல் அப்படித்தானே உட்கார்ந்துகொண்டிருந்தேன். முழங்கால் தானாக மடங்கியது, இடுப்பு பின்னால் போனது, ஒரு கை கயிற்றையும் மறு கை வாலையும் பிடித்துக்கொண்டது. மரம் கிளம்பியது, நானும் அதோடு கிளம்பினேன். சேற்றுத் தண்ணீர் இரண்டு பக்கமும் விசிறி மாதிரி விரிய, கொக்குகள் ஒதுங்கி வழிவிட, மூலையில் திரும்பிக்கூட விட்டேன். ஒரு முழுச் சுற்று. சுரண்டையில் யாராவது பார்த்திருக்கக்கூடாதா என்று இருந்தது.

திரும்பி வந்து நின்றால் வரப்பில் யாருமே சிரிக்கவில்லை.

“போனதெல்லாம் நல்லாத்தான் போனீரு. மேடு அப்படியேல்லா இருக்கு. உம்ம உடம்புக்கு மரம் தொளிக்கு மேலயே வழுக்கிட்டுப் போவுது. பாரம் பத்தல” என்றார் மச்சான்.

திரும்பிப் பார்த்தேன். எருமை முதுகு துளிகூடக் குறையவில்லை. பெண்கள் சோற்றுத் தூக்குகளை எடுத்துக்கொண்டார்கள். “அந்தால போவமா அக்கா?” என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். மச்சான் நாற்று முடிகளைப் பார்த்தார்.

தலைவி வெற்றிலையைத் துப்பினாள். அடுத்த வயல் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தாள், மேட்டை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சேலையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு தொளியில் இறங்கி வந்து, என் வலது காலுக்குப் பக்கத்தில் மரத்தின்மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்த கையோடு, கேள்வி கேட்டவளையும் கையைப் பிடித்து இழுத்து இடது காலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.