மரக்காலுக்குள் அதிர்ந்த போன்

காலை பதினொன்று இருபதுக்கு மேனேஜரின் மேசை மேலிருந்த பித்தளை மரக்கால் உறுமியது. உள்ளே போட்டிருந்த எங்கள் கைப்பேசிகளில் ஏதோ ஒன்று அதிர்ந்தது. அந்த வேலையை விட்டு ஓராண்டாகிறது. இன்றும் வீட்டில் பித்தளைப் பாத்திரம் ஏதாவது கிணுகிணுத்தால் எழுந்து நின்றுவிடுகிறேன்.

தஞ்சாவூருக்கு வெளியே இருந்த ஓர் அரிசி ஆலையின் அலுவலகம் அது. வருகிற லாரிகளின் நெல்லுக்கு ஈரப்பதம் பார்த்துக் கணினியில் ஏற்றுவது என் வேலை. முதலாளியின் மைத்துனர் மேனேஜராக வந்த பிறகு, காலையில் நுழைந்ததும் கைப்பேசியை அவர் மேசையிலுள்ள மரக்காலில் போட வேண்டும் என்றானது. ஒரு காலத்தில் நெல் அளந்த பித்தளை மரக்கால். கடைசி லாரி இறங்கும்வரை யாரும் எடுக்கக் கூடாது. பில் போடும் பெண் ஒருமுறை கேட்காமல் எடுத்தார். மறுநாளே அவரை முத்துப்பேட்டைக் கிடங்குக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாள் பஸ் மாறி மாறிப் போய்வந்து, பிறகு வேலையை விட்டுவிட்டார்.

எனக்கு அந்த மாற்றல் வந்தால் வீடு நடக்காது. மனைவி வேதாரண்யத்தில் பள்ளி ஆசிரியை. வாரக் கடைசியில்தான் வருவார். ஏழாவது படிக்கும் மகளுக்கு வீசிங். குறுவை அறுவடை தொடங்கித் தூசி பறந்தால் மூச்சு இழுக்கும். அவளுக்கு ஊரில் இருப்பது நான் ஒருவன்தான்.

மேனேஜர் மரக்காலுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஸ்கூல்னு வருது. யாரோடது?"

"என்னோடது சார். பொண்ணு ஸ்கூல். ஒரு நிமிஷம் பேசிடறேன்."

"ஏன், ஃபீஸ் கட்டலியா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் எதையாவது சொன்னால் சிரித்துவைப்பது அங்கே பழக்கம். நானும் சிரித்துவைத்தவன்தான்.

"இல்ல சார், அவளுக்கு வீசிங் இருக்கு."

"யாரு வீட்டுப் புள்ளைக்கு இல்ல? வெளிய லோடு வரிசையா நிக்குது. முடிச்சிட்டு நிதானமா பேசுங்க." கைப்பேசியை அணைத்து மறுபடி உள்ளே போட்டார்.

நான் உட்கார்ந்தேன். என்ன தட்டினேன் என்று எனக்கே தெரியாது. ஒரு லாரி டிரைவர், "சார், எவ்ளோ நேரமா என் வண்டியையே ஏத்திட்டிருக்கீங்க?" என்றார். கதவு திறந்தேதான் இருந்தது. எழுந்து போனால் என்னாகும் என்று யோசித்தால் அது முத்துப்பேட்டையில் போய் முடிந்தது. போகாவிட்டால் என்னாகும் என்று யோசிக்க மனம் துணியவில்லை.

பிறகு மேசைத் தொலைபேசி அடித்தது. மேனேஜர் எடுத்தார். என்னைப் பார்த்துக்கொண்டே, "அவர் குடோனுக்குப் போயிருக்காருங்க. வந்ததும் சொல்றேன்," என்று வைத்தார்.

நான் எழுந்தேன். "யாரு சார் போன்ல?"

"உக்காருங்க. இன்னும் கொஞ்சம் லோடுதான். இல்ல, முத்துப்பேட்டைல காத்து நல்லா வருமாம், போறீங்களா?"

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. நான் உட்காரவும் இல்லை, நகரவும் இல்லை. மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றேன். மின்விசிறிக்கு நேர் கீழே நின்றும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர் மகளைத் தினமும் பள்ளிக்கு அழைத்துப் போகும் டிரைவர். செருப்பைக்கூடக் கழற்றாமல், மேனேஜரை ஏறெடுத்தும் பார்க்காமல் நேராக என்னிடம் வந்தார்.

"பாப்பாவ பெரியாஸ்பத்திரில சேத்துருக்கு சார். மாஸ்க் வச்சப்புறம் இப்ப தேவல. அம்மா வேதாரண்யத்துலேர்ந்து கெளம்பிட்டாங்களாம், வந்து சேர சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் யாரு பக்கத்துல இருப்பாங்கன்னு டீச்சர் கேக்குறாங்க. நீங்க வர்றீங்களா, இல்லியா?"