ஓட்டோவில் போன என் குரல்

கொரோனாவுக்கு முன் என் வேலை பெரும்பாலும் மற்றவர்களின் வீடுகளில் தேத்தண்ணி குடிப்பதுதான். மன்னாரில் மீனவர்களிடம் நண்டு வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பனியில் நான் மக்கள் தொடர்பு அலுவலர். தோட்டவெளிக்குப் போவேன், வெள்ளாங்குளம் பக்கம் போவேன். கதிரை இழுத்துப் போடுவார்கள். விலை குறைந்ததற்கு என்னை ஏசுவார்கள், பிறகு தேவாலயத்தில் பிள்ளையின் முதல் நன்மைக்கு வரச் சொல்லுவார்கள்.

ஊரடங்கு வந்ததும் கொழும்பிலிருந்து மனேஜர் அழைத்தார்.

"நீங்கள் வெளியில போகவேண்டாம். கதைச்சு ரெக்கோட் பண்ணி அனுப்புங்கோ. ஓட்டோவில ஸ்பீக்கர் கட்டிப் போடுவம்."

எதிரொலி வராமலிருக்க, அலுமாரியைத் திறந்து, தொங்கிய சேலைகளுக்குள் முகத்தை வைத்துப் பேசினேன். கொள்வனவு தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது, பயப்பட வேண்டாம், நாங்கள் உங்களோடு இருக்கிறோம். மனேஜருக்குப் பிடித்துவிட்டது. குரல் அமைதியாக இருக்கிறதாம். பிறகு முகக்கவசம், கை கழுவுவது என்று எல்லாவற்றுக்கும் என்னையே பேசச் சொன்னார்கள்.

அடுத்த அலையில் சித்தப்பா போனார். ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன மனுசனை நாங்கள் திரும்பக் காணவில்லை. புதைப்பதற்கு உடல் எங்கள் சேமக்காலைக்கு வரவில்லை. எரித்துவிட்டதாகப் போனில் சொன்னார்கள். பங்குச் சுவாமியும் போனில்தான் செபித்தார். சித்தியும் நானும் போனை மேசையில் வைத்துவிட்டு முழந்தாளில் இருந்தோம்.

அந்த நேரம் பார்த்து ஓட்டோ எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. "பயப்பட வேண்டாம்" என்றது என் குரல். சித்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தா. ஓட்டோ கடந்து போகும்வரை சுவாமியின் செபம் கேட்கவில்லை. அழுகை வரும் என்று இருந்தேன். வரவில்லை. அடுத்த நாளும் ஒரு அறிவித்தல் பதிந்து அனுப்பினேன்.

எல்லாம் திறந்த பிறகு வீடுகளுக்குப் போகலாம் என்று நினைத்தேன். அதற்குள் கம்பனி வட்ஸ்அப் குழுக்களைத் தொடங்கியிருந்தது. "இதுவே போதும்தானே, பெற்றோலும் மிச்சம்" என்றார் மனேஜர். நான் வாதாடவில்லை. என் குரல் இப்போது ஆட்களின் போனுக்குள் போனது.

போன வருடம் வெள்ளாங்குளத்தில் ஒரு குடும்பம் குழுவை விட்டு விலகியது. ஏனென்று கேட்டுவர அனுப்பினார்கள். படலையில் நின்று கூப்பிட்டேன்.

"அக்கா, வீட்டில ஆரும் இருக்கிறியளோ?"

வெளியே வந்தவ என் வாயையே பார்த்தா.

"ஓட்டோவில கதைச்சது நீங்களோ?"

"ஓம் அக்கா."

"நீங்கள் பயப்பிட வேண்டாமெண்டு சொல்லேக்கைதான் எனக்கு முதல்முதல் பயம் வந்தது. இப்ப போனுக்குள்ளயும் அதே குரல். கேக்க ஏலாமக் கிடக்கு. அதுதான் விலகினனான்."

கோபமாகச் சொல்லவில்லை. கதிரை தந்து தேத்தண்ணியும் ஊற்றினா. வேறு யாரையாவது பேச வைக்கலாம் என்றேன். தலையாட்டினா.

கம்பனிக் கந்தோரில் போய்ச் சொன்னேன். இப்போது குழுக்களில் ஒரு கணினிக் குரல் பேசுகிறது. எழுதிக் கொடுப்பது நான்தான். அந்த அக்கா மீண்டும் குழுவில் சேர்ந்தாவா என்று நான் பார்க்கவில்லை.