வெள்ளையன் அண்ணனின் கேள்வி

போன வாரம் ஓர் உறையை ஒட்ட வேண்டியிருந்தது. பென்ஷன்காரனுக்கு வேறென்ன தபால், உயிரோடு இருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கும் காகிதம்தான். வீட்டில் பசை இல்லை. இரண்டு சோற்றுப் பருக்கையை நசுக்கித் தேய்த்தேன். மருமகள் சிரித்தாள். எனக்கு வெள்ளையன் அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது. அவர் சாமைச் சோற்றால் ஒட்டுவார். அதைக் கத்தி வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

அப்போது எனக்குப் போளூரில் குமாஸ்தா வேலை. கல்யாணம் ஆகவில்லை, ஞாயிற்றுக்கிழமை நகரவே நகராது. என்னைப் போல நாலு பேர் சேர்ந்து வினாடி வினா லீக் ஒன்றை ஆரம்பித்தோம். போளூர், செங்கம், கணியம்பாடி, ஜவ்வாது மலை என்று நாலு அணிகள். மாதம் ஒரு ஞாயிறு ஆட்டம், தோற்றவர்கள் டீ வாங்கித் தர வேண்டும். நான் செயலாளர். ஆபீசில்கூட நான் அவ்வளவு கறாராக இருந்ததில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பதினெட்டு விதிகள் எழுதி, சொந்தச் செலவில் ரப்பர் முத்திரை செய்து குத்தினேன்.

அணிகள் முறைவைத்துக் கேள்வி தயாரிக்க வேண்டும். கேள்வி தாளில், விடை ஒட்டிய உறையில். அச்சான புத்தகத்தில் ஆதாரம் இருந்தால்தான் கேள்வி செல்லும். ஆட்டத்துக்கு முன் விடையை யாரிடமும், பெண்டாட்டி பிள்ளைகளிடமும்கூட, சொல்லக்கூடாது. சொன்னால் அணியே நீக்கம். இந்தக் கடைசி விதியில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

வெள்ளையன் அண்ணன் மலை அணி. சாமை விதைக்கிறவர், எட்டாவது வரை படித்தவர். பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைக்கூடப் படித்து மடித்து வைப்பார். ஒரு ஞாயிறு நல்ல மழை, மலையிலிருந்து பஸ் இல்லை. மலை அணி தோற்றதாக எழுதப் பேனாவைத் திறந்தேன். முழங்கால்வரை சேற்றோடு வந்து நின்றார்.

"பஸ்ஸு வர்ல சார். பழைய வழில இறங்கி வந்துட்டேன்."

ரோடு போடுவதற்கு முன் மலைக்காரர்கள் புளி மூட்டையைத் தலையில் சுமந்து இறங்கிய பாதை அது. அடுத்த முறை கேள்வி தயாரித்தபோது அவர் எழுதியிருந்தார்: 'போளூர்ப் பக்கம் இறங்கும் ஒற்றையடிப் பாதையில், புளி சுமந்தவர்கள் சுமை இறக்கி இளைப்பாறிய இடங்கள் ஏழு. அவற்றின் பெயர்களை வரிசையாகச் சொல்க.' ஆதாரம் என்ற இடத்தில், 'நான் சுமந்திருக்கிறேன்.'

சிவப்பு மையால் அடித்தேன். உறையை விதிப்படி பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தேன். அவர் விடவில்லை. தன் அணியின் முறை வரும்போதெல்லாம் அதே கேள்வி, அதே உறை.

"இன்னா சார், இந்த வாட்டியும் தள்ளிட்டீங்களா?"

"புத்தகம் பேரு, பக்க நம்பர் வேணும், அண்ணா."

"புக்கு எழுதறவன் எவனும் அந்த வழில நடந்ததில்ல சார்."

ஒருநாள் டீக்கடையில், எனக்கு மட்டுமாவது சொல்லுங்கள் என்று விளையாட்டாகக் கேட்டேன். க்ளாஸைக் கீழே வைத்துவிட்டார். "ரூலு போட்டவரே கேக்கறீங்களே சார். ஆட்டத்துல வரட்டும்." என் விதியை இப்படி மதிக்கிறாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. என்ன புத்தியோ.

பிறகு எனக்கு மாற்றலாகிவிட்டது. லீக்கும் ஒன்றிரண்டு வருஷத்தில் படுத்துவிட்டது. அண்ணன் போய்ச் சேர்ந்த செய்தியே எனக்கு மெதுவாகத்தான் வந்தது. துக்கம் கேட்க மலைக்குப் போனேன். அவர் மனைவி காபி கொடுத்தார். சுற்றி வளைத்து அந்த ஏழு இடங்களைப் பற்றிக் கேட்டேன்.

"எனக்கு இன்னா தெரியும் சார்? நான் அந்தாண்ட ஊரு, அந்த வழில போனதே இல்ல. அவரோட சொமந்தவங்களும் இப்ப யாரும் இல்ல. அந்த ஒட்டின கவரும் கரையான் அரிச்சுப் போச்சு. பசங்க எத்தினியோ வாட்டி கேட்டாங்க. வூட்லகூட சொல்லக்கூடாது, ஆட்டம் மறுபடி நடக்கும், அது முடியட்டும்னே கடைசிவரைக்கும் சொல்லினு இருந்தாரு."

என் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அந்த ரூலு போட்ட சாரு நீங்கதானுங்களா?"

ஆமாம்மா என்றேன். கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால் தேவலாம். இன்னும் கொஞ்சம் காபி ஊற்றட்டுமா என்று கேட்டார். அண்ணன் மூட்டையை இறக்கிவைத்து மூச்சு வாங்கிய ஏழு இடங்களும் முள் மூடி எங்கோ கிடக்கின்றன. அவற்றின் பெயர் இனி யாருக்கும் தெரியாது.