இரண்டாம் மாடி நர்ஸுக்குப் பாராட்டு விழா

மேற்கு மாம்பலத்தில் எங்கள் குடியிருப்பு வாசலில் இன்று காலை செவிலியர் பாராட்டு விழா. இரண்டாம் மாடி நர்ஸ் ஸ்டெல்லாவை அழைத்துவர என்னை அனுப்பினார்கள்.

நைட் டூட்டி முடித்துப் படுத்தவர், கண்கள் சிவக்கக் கதவைத் திறந்தார்.

"இன்னிக்கு ராத்திரியும் டூட்டி சார். கொஞ்சமாவது தூங்கணும். பொன்னாடையெல்லாம் வேணாம், அந்த ஸ்பீக்கரை மட்டும் நிறுத்தச் சொல்றீங்களா?"

கீழே வந்து சொன்னேன்.

"அவங்களுக்காகத்தானே சார் விழாவே!" என்று சிரித்தார் குடியிருப்புச் சங்கச் செயலாளர். 'நடமாடும் தெய்வங்களே' என்று அடுத்த பேச்சாளர் மைக்கில் ஆரம்பித்தார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

இப்போது எங்கள் வாட்ஸ்அப் குழுவில், நர்ஸுகளை அவமதித்தவன் நான்தான். எனக்காகப் பேசக்கூடிய ஒரே ஆள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார். எழுப்ப மனம் வரவில்லை.

குழுவில் என்ன பதில் போடலாம், நீங்களே சொல்லுங்கள்.