பிரேக்கை உணராத கால்

அந்தப் பேருந்து ஓட்டுநர் தன் சர்வீசில் வண்டிக்கு ஒரு கீறல்கூட விழவிட்டதில்லை. டிப்போவில் அவருக்கு 'ஆமை' என்று பட்டப்பெயர். அதில் அவருக்குப் பெருமைதான்.

அன்று வண்டி நிறைய ஆட்களோடு மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது சிக்னல் விழுந்தது. பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை. குனிந்து பார்த்தால், அவர் கால் பிரேக்குக்குப் பக்கத்தில் வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. காலைத் தூக்கி வைத்து மிதித்தார். முன்னால் நின்ற காரை முட்டாத குறையாக வண்டி நின்றது.

"யோவ், தூங்குறியா?" என்று யாரோ கத்தினார்கள்.

வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கண்டக்டரிடம், "வேற டிரைவர வரச் சொல்லுப்பா, என்னால முடியாது" என்றார். ஷூவைக் கழற்றினால் பாதம் வீங்கிச் சிவந்து அனலாகக் கொதித்தது. ஆனால் வலியே இல்லை. அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை நோய். அவருடைய அண்ணனுக்கும் சர்க்கரைதான். இப்படித்தான் கால் வீங்கியது, முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

மறுநாளே மனைவி அவரை எலும்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"கண்ண மூடுங்க. நான் தொடும்போது சொல்லுங்க" என்ற டாக்டரம்மா, மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டார்.

அவர் காத்திருந்தார். பிறகு, "இன்னும் ஆரம்பிக்கலையா டாக்டர்?" என்று கேட்டார். பக்கத்தில் மனைவி விசும்பும் சத்தம் கேட்டது.

டாக்டர் அவரைப் படுக்கவைத்துக் காலை உயரத் தூக்கிப் பிடித்தார். பாதத்தின் சிவப்பு மெல்லக் குறைந்தது. "சீழ் பிடிச்சிருந்தா இப்படிக் குறையாது. புண்ணும் இல்ல, காய்ச்சலும் இல்ல." எக்ஸ்ரேயில் நடுப்பாத எலும்புகள் நொறுங்கிக் கிடந்தன. "சர்க்கரையால நரம்பு உணர்ச்சி போயிடுச்சு. எலும்பு உடைஞ்சது தெரியாம அது மேலயே நடந்திருக்கீங்க."

"வெட்டணுமா?"

"இப்ப வேணாம். மாவுக்கட்டுப் போடுவோம். ஆனா கால கீழ ஊனவே கூடாது. ஊனுனா நான் பொறுப்பில்ல."

கட்டுக்குள் என்ன நடக்கிறதோ என்ற பயம் அவரைத் தின்றது. அழுகல் வாடை வருகிறதா என்று அடிக்கடி குனிந்து மோந்து பார்ப்பார்.

"அதென்ன ரோஜாப்பூவா?" என்பாள் மனைவி. சிரிக்கத்தான் சொல்வாள், அவள் குரலும் நடுங்கும்.

கட்டு மாற்றும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொள்வார். மாதக்கணக்கில் அப்படியே போனது. வீக்கம் வற்றியது, எலும்பு கூடியது. பாதத்தின் வளைவு போய்த் தட்டையாகிவிட்டது. தனியாகச் செய்த ஷூ போட்டால் நடக்கலாம். ஸ்டியரிங் பக்கம் இனி போக முடியாது. டிப்போ ஆபீசில் வேலை கொடுத்தார்கள்.

"இன்னொரு காலுக்கும் இது வரலாம், தினமும் பாருங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் மனைவி அந்தப் பாதத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அவர் காலைப் பார்க்கமாட்டார், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "ஒண்ணுமில்லங்க" என்று அவள் சொன்ன பிறகுதான் மூச்சு வரும்.